ஆறாம் கட்டமா, பத்து நாள் குழப்பமா? மறதி நோயை இணையத்தில் படித்த மகளுக்குப் பதில்

இந்தக் கடிதத்தை எழுதியிருப்பவர் 46 வயதுப் பெண். அலுவலகப் பணியில் இருப்பவர். 74 வயதான தம் தாயாரைத் தம்முடன் வைத்துப் பார்த்துக்கொள்பவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு தாயாருக்கு அல்சைமர் நோய் என்று நரம்பியல் மருத்துவர் உறுதிசெய்து, டோனெபெசில் மாத்திரையைத் தொடங்கியிருக்கிறார். இதயத்துக்காக நெடுநாளாக ஆஸ்பிரினும் உண்டு. இந்த நோய்க்குக் குணம் இல்லை என்று தெரிந்த பிறகு, போய் என்ன ஆகப்போகிறது என்ற எண்ணத்தில் எட்டு மாதங்களாகத் தாயாரை மருத்துவரிடம் அழைத்துப் போகவில்லை. அதற்குப் பதிலாக, மறதி நோய் பற்றிய இரண்டு இணையவழிப் படிப்புகளை முடித்துச் சான்றிதழ் பெற்றிருக்கிறார். அதில் கற்றதை வைத்து நாள்தோறும் காலையில் அரை மணி நேரம் தாயாருக்கு நினைவுப் பயிற்சி தருகிறார். புகைப்பட ஆல்பத்தைத் திறந்து, இது யார், இன்று என்ன கிழமை, நான் யார் என்று கேட்பதுதான் பயிற்சி. சில வாரங்களாகத் தாயார் அந்த நேரத்தில் அழுகிறார், அல்லது ஆல்பத்தைத் தள்ளிவிடுகிறார்.

கடந்த பத்து நாட்களாக நிலைமை வேறு. பகலில் பெரும்பாலும் தூக்கம். பேச்சைத் தொடங்கினால் பாதியில் கவனம் போய்விடுகிறது. இரவில் அறை மூலையில் யாரோ நிற்பதாகச் சொல்லிப் பயப்படுகிறார். மாலையானால் மகளையே வேறு யாரோ என்கிறார். சாப்பாடு பாதியாகக் குறைந்துவிட்டது. படிப்பில் தரப்பட்ட ஏழு கட்ட அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்த்து, தாயார் ஐந்தாம் கட்டத்திலிருந்து ஆறாம் கட்டத்துக்குப் போய்விட்டார் என்று இவர் முடிவுசெய்திருக்கிறார். வெளியூரில் இருக்கும் அண்ணனோ, வாரம் ஒருமுறை தொலைபேசியில் பேசிவிட்டு, "அம்மா நன்றாகத்தான் பேசுகிறார், நீதான் படித்துப் படித்துப் பயந்துகொள்கிறாய்" என்கிறார்; அதே மூச்சில், வீடு, வங்கிக் கணக்கு தொடர்பான தாள்களில் இப்போதே அம்மாவிடம் கையெழுத்து வாங்கிவிட வேண்டும் என்கிறார். வேலையை விட்டுவிடலாமா, தனக்கும் இந்த நோய் வருமா, இணையத்தில் விற்கும் மரபணுப் பரிசோதனையை வாங்கலாமா, மூளைப் பயிற்சி விளையாட்டுக்குச் சந்தா கட்டலாமா, மூன்றாவதாக ஒரு படிப்பில் சேரலாமா என்று கேள்விகள் வரிசையாக இருக்கின்றன.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளை நீங்கள் எழுதிய வரிசையில் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "போன வாரம் சளி பிடித்ததால் மருந்துக்கடையில் ஒரு மாத்திரை வாங்கிக் கொடுத்தேன், அது நல்ல தூக்கமும் தந்ததால் இரவில் தொடர்ந்து கொடுக்கிறேன்." நான் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

முதலில், இந்தப் பத்து நாட்கள்

அல்சைமர் நோய் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் இறங்குகிற நோய். வேறு சில வகை மறதி நோய்கள் படிக்கட்டில் இறங்குவதுபோலத் திடீர் திடீரென்று மோசமாகலாம். ஆனால் அல்சைமர் என்று உறுதிசெய்யப்பட்ட ஒருவர் பத்து நாட்களுக்குள் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குத் தாவுவதில்லை. பகல் தூக்கம், நிலைகொள்ளாத கவனம், நாளுக்குள்ளேயே தெளிவும் குழப்பமும் மாறி மாறி வருவது, இல்லாத உருவங்களைப் பார்ப்பது ஆகிய நான்கும் சில நாட்களுக்குள் சேர்ந்து வந்தால், மருத்துவர்கள் முதலில் நினைப்பது டெலிரியம் எனப்படும் திடீர் மனக்குழப்ப நிலையைத்தான். இது மறதி நோயின் கட்டம் அன்று. உடலில் வேறெங்கோ நேர்ந்த கோளாறுக்கு மூளை காட்டும் எதிர்வினை. ஏற்கெனவே மறதி நோய் உள்ளவர்களுக்கு இது எளிதில் வரும். கத்திக் கூச்சலிடுபவர்களை உடனே மருத்துவமனைக்கு அழைத்து வந்துவிடுகிறார்கள்; உங்கள் தாயாரைப் போல ஓய்ந்துபோய்த் தூங்குபவர்களைத்தான் வீட்டிலும், சில நேரம் மருத்துவமனையிலும்கூட, கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். காரணத்தைக் கண்டு சரிசெய்தால் பெரும்பாலானவர்கள் பழைய நிலைக்கு, அல்லது அதற்கு அருகிலாவது, திரும்புகிறார்கள். அப்படியே விட்டால் உயிருக்கு ஆபத்தாகலாம். மறதி நோயின் போக்கையும் அது விரைவுபடுத்தலாம்.

அந்தச் சளி மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. தூக்கம் தரும் பழைய வகைச் சளி, ஒவ்வாமை மாத்திரைகள் பலவற்றில் குளோர்பெனிரமின் அல்லது டைஃபென்ஹைட்ரமின் இருக்கும். இவை மூளையில் அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருளின் செயலைத் தடுப்பவை. உங்கள் தாயார் சாப்பிடும் டோனெபெசிலோ, அதே அசிடைல்கோலின் சிதையாமல் காத்து, அதன் அளவை உயர்த்துவதற்காகத் தரப்படுவது. ஒரு மாத்திரை சேர்த்துவைப்பதை மற்றொன்று பயனில்லாமல் ஆக்குகிறது. அதோடு நிற்பதில்லை: இந்த வகை மாத்திரைகள் மலச்சிக்கலை உண்டாக்கும், சிறுநீரைத் தேங்க வைக்கும், அவை இரண்டும் தாமாகவே முதியவர்களுக்குக் குழப்பத்தை வரவழைக்கக்கூடியவை. முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளுக்கென்று 1991-இல் மார்க் பியர்ஸ் தொடங்கிவைத்து, இன்றுவரை திருத்தப்பட்டுவரும் பட்டியலில் இந்த இரண்டும் இருக்கின்றன. மருந்துச் சீட்டு இல்லாமல் கிடைக்கிறது என்பதால் ஒரு மாத்திரை சாதுவானது என்று எண்ணிவிடுகிறோம். உங்களை மட்டும் குறை சொல்லவில்லை, எல்லோரும் அப்படித்தான்.

எனவே, இன்றிரவு அந்தச் சளி மாத்திரையைக் கொடுக்க வேண்டாம். டோனெபெசிலையும் ஆஸ்பிரினையும் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். நாளைக்கே தாயாரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். முன்பதிவு கிடைக்கவில்லை என்று அடுத்த வாரத்துக்குத் தள்ளாதீர்கள். காய்ச்சல், மூச்சுத் திணறல், எழுப்பினாலும் எழாத மயக்கம், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, வாய் கோணல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் நாளை வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். கடந்த சில வாரங்களில் அவர் எங்காவது தடுக்கி விழுந்தாரா, தலையில் இலேசாக அடிபட்டதா என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள். ஆஸ்பிரின் சாப்பிடும் முதியவர்களுக்குச் சிறிய அடியிலேயே மண்டையோட்டுக்குள் மெல்ல இரத்தம் கசிந்து, பல நாட்கள் கழித்துக் குழப்பமாக வெளிப்படுவது உண்டு. சிறுநீர்த் தொற்று, நுரையீரல் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, உப்புச் சமநிலை மாற்றம், வெளியே சொல்லத் தெரியாத வலி, பல நாள் மலச்சிக்கல் என்று மருத்துவர் தேட வேண்டியவை இன்னும் இருக்கின்றன. கடைசியாக எப்போது மலம் கழித்தார் என்பதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கூச்சமாக இருந்தாலும் மருத்துவருக்கு மிகவும் உதவும் தகவல் அது.

இரவில் அவர் பயப்படும்போது கைப்பேசியில் ஒரு காணொளி எடுத்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள். அதை மருத்துவரிடம் காட்டுங்கள். பகலில் பரிசோதனை அறையில் தெளிவாக இருப்பவரின் இரவு நிலையை அறிய அதைவிட நல்ல சான்று கிடைக்காது. ஆனால் படிப்பில் உடன் படிப்பவர்களின் குழுவில் அதைப் பகிரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள், வேண்டாம். தம் வாழ்நாள் முழுவதும் தலைவாரிக்கொண்டுதான் விருந்தினரைச் சந்தித்தவர் என்று அவரைப் பற்றி நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர் தெளிவாக இருந்தால் இதற்கு ஒப்புக்கொள்வாரா என்பதை நீங்கள் அறிவீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. இரவுத் தொந்தரவைச் சொல்லி, "அடங்குவதற்கு ஒரு மாத்திரை" என்று கேட்டுவிடாதீர்கள். மனச்சிதைவு போன்ற நோய்களுக்குத் தரப்படும் ஆன்டிசைக்கோடிக் மருந்துகளில் புதிய வகையைச் சேர்ந்தவை மறதி நோயுள்ள முதியவர்களிடம் இறப்பு விகிதத்தைக் கூட்டுவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இல் எச்சரித்தது. தமக்கோ பிறருக்கோ தீங்கு நேரும் நிலையிலும் தாங்க முடியாத துன்பத்திலும், குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு மட்டும் அவற்றைத் தருவோம். மேலும், இல்லாத உருவங்களைக் காண்பது தொடருமானால், லூயி உடல் மறதி நோய் என்ற வேறு வகையையும் மருத்துவர் யோசிக்க வேண்டியிருக்கும். அந்த நோயாளிகளுக்கு இந்த மருந்துகள் கடுமையான பக்கவிளைவுகளைத் தரக்கூடும். காரணத்தைத் தேடாமல் நேராக மருந்துக்குப் போவது அதனால்தான் ஆபத்து.

படிப்பு எதற்கு, எதற்கு இல்லை

இவ்வளவையும் படித்துவிட்டு, இணையத்தில் கற்றதெல்லாம் வீண் என்று நினைத்துவிடாதீர்கள். படித்துவிட்டு வரும் குடும்பத்தினரின் கேள்விகள் கூர்மையாக இருக்கின்றன; அவர்களுடன் பேசும் கால் மணி நேரம் மற்றவர்களுடன் பேசும் ஒரு மணி நேரத்துக்குச் சமம். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா பல்கலைக்கழகம் நடத்தும் இலவசப் படிப்புகளும், உலக சுகாதார நிறுவனம் பராமரிப்பவர்களுக்கென உருவாக்கிய ஐசப்போர்ட் பயிற்சியும் தரமானவை. என் நோயாளிகளின் குடும்பங்களுக்கு அவற்றை நானே பரிந்துரைக்கிறேன்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு படிப்பு நோயைப் பற்றிச் சொல்லித்தரும். உங்கள் தாயாரை அது பார்த்ததில்லை. ஏழு கட்ட அட்டவணை 1982-இல் பாரி ரைஸ்பெர்க்கும் அவருடைய குழுவினரும் வெளியிட்டது. நோயின் நெடும்போக்கை விவரிக்கவும், சிகிச்சை தருபவர்கள் தங்களுக்குள் ஒரே மொழியில் பேசவும் அது பயன்படுகிறது. திடீரென்று வந்த மாற்றத்துக்கு விளக்கம் தேடும் இடம் அதுவன்று. அந்த அட்டவணை கையில் இருந்ததால்தான், படிக்காத ஒருவர் பதறிப்போய் மருத்துவமனைக்கு ஓடியிருக்கக்கூடிய மாற்றத்தை, நீங்கள் நிதானமாக வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பாதி அறிவு தரும் நிதானம் சில நேரம் அறியாமை தரும் பதற்றத்தைவிடப் பொல்லாதது. இதைக் கடுமையாகச் சொல்கிறேன் என்று தோன்றினால் மன்னியுங்கள். இதே தவறைச் செய்யும் மிக அக்கறையான பிள்ளைகளைத் தொடர்ந்து பார்க்கிறேன் என்பதால் சொல்கிறேன்.

"குணமில்லாத நோய்க்கு மருத்துவர் எதற்கு" என்ற எண்ணமும் அந்த நிதானத்தின் இன்னொரு முகம். டோனெபெசில் நோயைக் குணப்படுத்தாது; சிலருக்குச் சில காலம் அறிகுறிகளைத் தணிக்கும். 2023-இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெகனெமாப் போன்ற மருந்துகளும் நோயின் தொடக்க நிலையில் இருப்பவர்களிடம் வேகத்தைச் சற்றுக் குறைப்பவையே. மூளையில் வீக்கமோ கசிவோ வரும் அபாயமும் அவற்றில் உண்டு. உங்கள் தாயாருக்கு அவை பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் மருத்துவர் செய்வது இவை மட்டும் அன்று. பார்வை, செவி, பல், எடை, விழுங்கும் திறன், தைராய்டு, பி12, மனச்சோர்வு, வலி, தேவையில்லாமல் தொடரும் மாத்திரைகள் என்று பார்க்க நிறைய இருக்கிறது. நோயைத் திருப்ப முடியாவிட்டாலும், நோயாளியின் ஒரு நாளை எவ்வளவோ மேம்படுத்தலாம். எட்டு மாத இடைவெளி மிக நீண்டது.

காலை நேரத் தேர்வை நிறுத்துங்கள்

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்திய பகுதி அந்த ஆல்பம். காலையில் குளித்து முடித்ததும் மேசைக்கு அழைத்து வந்து, ஆல்பத்தைத் திறந்து, ஒவ்வொரு முகத்திலும் விரலை வைத்து "இது யார், சொல்லுங்கள் அம்மா" என்று நீங்கள் கேட்க, அவர் உங்கள் முகத்தையே பார்த்துச் சரியான விடை அதில் தெரிகிறதா என்று தேடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைக் கவனித்து எழுதிய உங்களுக்கே காரணம் பாதி தெரிந்திருக்கிறது. அவருக்கு அது பயிற்சியாக இல்லை. நாள்தோறும் தோற்றுப்போகிற தேர்வாக இருக்கிறது.

அல்சைமர் நோய் பெரும்பாலும் முதலில் தாக்குவது, புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியை. அங்கே பதிவே ஆகாத ஒன்றைத் திரும்பத் திரும்பக் கேட்பதால் அது வலுப்பெறாது. ஆனால் உணர்ச்சி வேறு வழியில் தங்குகிறது. 2014-இல் வெளியான அயோவா பல்கலைக்கழக ஆய்வொன்றில், அல்சைமர் நோயாளிகளுக்குத் துயரமான, மகிழ்ச்சியான படக் காட்சிகளைக் காட்டினார்கள். என்ன பார்த்தோம் என்பதே மறந்துபோன பிறகும் அந்தக் காட்சி எழுப்பிய உணர்ச்சி அவர்களிடம் நீடித்தது. உங்கள் தாயார் காலைக் கேள்விகளை மறந்துவிடுவார். அவமானம் மட்டும் காரணம் தெரியாமல் மதியம் வரை கூடவே இருக்கும்.

நீங்கள் படிப்பில் கண்டது அறிவுத் தூண்டல் சிகிச்சையாக இருக்கலாம். அதன் முதல் பெரிய ஆய்வு 2003-இல் இங்கிலாந்தில் வெளியானது; இலேசான, நடுத்தர நிலை நோயாளிகளைச் சிறு குழுவாக அமர்த்தி, ஏழு வாரங்களில் 14 அமர்வுகள் நடத்துவது அதன் முறை. அதற்கும் உங்கள் பயிற்சிக்கும் உள்ள வேறுபாடு நுட்பமானது, ஆனால் எல்லாவற்றையும் மாற்றிவிடுவது. அங்கே சரியான விடையைக் கேட்பதில்லை, கருத்தைக் கேட்கிறார்கள். "இது யார்?" என்று கேட்டால் ஒரே ஒரு சரியான பதில்தான் உண்டு. "இது உங்கள் தங்கை. அந்தக் காலத்திலேயே இப்படி இரட்டைச் சடையா போடுவீர்கள்? யாருக்கு நன்றாக இருக்கிறது?" என்று கேட்டால் எந்தப் பதிலும் சரிதான், பதிலே இல்லாமல் ஒரு சிரிப்பு மட்டும் வந்தாலும் சரிதான். பெயரை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். குழப்பம் தெளியும் வரை அதுவும் வேண்டாம். வெளிச்சமான அறை, பழகிய குரல், அடிக்கடி தண்ணீர், கண்ணாடியும் காதுக்கருவியும் இருந்தால் அவற்றை அணிவித்தல், பகலில் சற்று நடத்தல் ஆகியவையே போதும். மூலையில் யாரோ நிற்கிறார் என்று சொன்னால் வாதாட வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம். "பயமாக இருக்கிறதா? நான் பக்கத்தில்தான் இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு விளக்கைப் போடுங்கள்.

அண்ணன், கையெழுத்து, வேலை

அண்ணன் பொய் சொல்லவில்லை. நலம் விசாரிப்பு, பேரன் பேத்தி, வானிலை என்று வாழ்நாள் முழுவதும் பேசிப் பழகிய வாக்கியங்கள் நோயின் நடுப்பகுதி வரைகூடக் குலையாமல் இருக்கும். பத்து நிமிடத் தொலைபேசிப் பேச்சு அவற்றாலேயே நிறைந்துவிடுகிறது. அவரோடு வாதிட்டோ, உங்கள் பாடக் குறிப்புகளை அனுப்பியோ மனத்தை மாற்ற முடியாது. இரவுகளையும் சேர்த்துச் சில நாட்கள் அவர் அங்கே தங்க வேண்டும். தண்டனையாக அழைக்காதீர்கள். மருத்துவமனைக்கு இரண்டு பேர் வேண்டியிருக்கிறது, வந்து உதவுங்கள் என்று அழையுங்கள்; அது உண்மையும்கூட.

குடும்பத்தை உள்ளே கொண்டுவருவது வெறும் நல்லுறவுக்காக அன்று. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மேரி மிட்டல்மன் குழுவினர் 406 பராமரிப்பாளர்களிடம் நடத்திய ஆய்வு 2006-இல் வெளியானது. நோயாளியின் கணவரோ மனைவியோதான் அங்கே பராமரிப்பாளர்கள். ஆலோசனையும் தொடர்ந்த ஆதரவும் கிடைத்தவர்களின் இல்லங்களில், நோயாளியைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க வேண்டிய நிலை ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு தள்ளிப்போயிற்று. அவர்களுக்குத் தரப்பட்ட ஆறு ஆலோசனை அமர்வுகளில் நான்கு, மற்ற உறவினர்களையும் உட்காரவைத்து நடத்தப்பட்டவை. வீட்டில் ஒருவர் மட்டும் படித்தவராகும்போது நடப்பது என்ன தெரியுமா? "உனக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்று மற்றவர்கள் விலகிக்கொள்கிறார்கள். உங்கள் சான்றிதழ் உங்கள் சுமையைக் குறைப்பதற்குப் பதிலாக உங்கள் பெயருக்கே எழுதிவைத்துவிட்டது.

கையெழுத்து விஷயத்தில் நான் உறுதியாகச் சொல்வேன்: இப்போது எந்தத் தாளிலும் வாங்காதீர்கள், வாங்கவும் விடாதீர்கள். மறதி நோய் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் ஒருவர் முடிவெடுக்கும் உரிமையை இழப்பதில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் குறித்த 2006-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, சட்டத்தின் முன் அவர்களையும் சமமாகவே நிறுத்துகிறது. முடிவெடுக்கும் திறன் என்பது குறிப்பிட்ட ஒரு முடிவுக்கும் குறிப்பிட்ட ஒரு நேரத்துக்கும் உரியது. மதிய உணவுக்கு என்ன வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவருக்கு வீட்டை எழுதிவைப்பதன் விளைவு விளங்காமல் போகலாம். இன்று விளங்காதது குழப்பம் தெளிந்தபின் விளங்கவும் கூடும். மனக்குழப்பம் இருக்கும் நாட்களில் பெற்ற கையெழுத்து அவருக்கு அநீதி. பின்னாளில் நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளானால் உங்கள் இருவருக்கும் ஆபத்து. அவர் தெளிந்த பிறகு, திறன் இருக்கிறதா என்று மருத்துவர் மதிப்பிட்டு எழுதித் தந்த பிறகு, உங்கள் நாட்டுச் சட்டம் அறிந்த வழக்கறிஞர் ஒருவரின் முன்னிலையில், அண்ணனும் இருக்கும்போதே, அவருடைய விருப்பத்தைக் கேளுங்கள். பணத்தை மட்டும் கேட்காதீர்கள். உணவை விழுங்க முடியாத காலம் வந்தால் குழாய் வழி உணவு வேண்டுமா, கடைசி நாட்களில் மருத்துவமனையா வீடா, தன் சார்பில் யார் பேச வேண்டும் என்பவற்றையும் கேளுங்கள். முற்றிய மறதி நோயில் குழாய் வழி உணவு ஆயுளை நீட்டுவதாகச் சான்று இல்லை. கையால் பொறுமையாக ஊட்டுவதையே நாங்கள் அறிவுறுத்துகிறோம். ஆனால் முடிவு அவருடையது.

வேலையை விடுவது பற்றி: இப்போது இருக்கும் நிலையை வைத்து அந்த முடிவை எடுக்காதீர்கள். டெலிரியம் என்றால் சில வாரங்களில் பராமரிப்பின் கடுமையே மாறிவிடும். விடுப்பு, குறைந்த நேரப் பணி, வீட்டிலிருந்தே பணி ஆகியவற்றை முதலில் கேளுங்கள். வருமானம் மட்டும் அன்று, நோய் அல்லாத வேறொன்றைப் பற்றிப் பேசும் மனிதர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். இரவில் நான்கு மணி நேரமே தூங்குவதாகவும், காரணமில்லாமல் அழுகை வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அம்மாவை அழைத்துப் போகும் அதே மருத்துவமனையில் உங்களுக்கும் ஒரு சீட்டுப் போடுங்கள். பராமரிப்பவர்களுக்கு மனச்சோர்வு மிகச் சாதாரணமாக வருகிறது. அதற்குச் சிகிச்சை இருக்கிறது.

எனக்கும் வருமா?

தாயாருக்கு நோய் தெரிந்தபோது வயது 72. ஒற்றை மரபணு வழியாகத் தலைமுறை தலைமுறையாக இறங்கும் அல்சைமர் மிக அரிது; அது பெரும்பாலும் 60 வயதுக்கு முன்பே தொடங்கிவிடும். உங்கள் குடும்பத்தில் அப்படி யாரும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இணையத்தில் விற்கும் பரிசோதனை பார்ப்பது ஏபிஓஇ என்ற மரபணுவை. அதன் நான்காம் வகை உங்களிடம் இருந்தால் வாய்ப்புக் கூடும் என்று தெரியும். வரும் என்றோ வராது என்றோ தெரியாது. அந்த வகை இல்லாத பலருக்கும் நோய் வருகிறது, இருக்கும் பலர் நோயில்லாமலே முதுமை அடைகிறார்கள். முடிவு உங்களைப் பற்றி மட்டுமன்று, அண்ணனைப் பற்றியும் ஒரு செய்தி சொல்லும். சில நாடுகளில் காப்பீட்டையும் பாதிக்கலாம். மரபியல் ஆலோசகர் இல்லாமல், தூக்கம் கெட்ட இந்த நாட்களில், அதை வாங்காதீர்கள்.

2024-இல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம், மாற்றக்கூடிய 14 காரணிகளைச் சரிசெய்தால் உலகின் மறதி நோயில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று கணித்தது. இதை வைத்து, "அம்மாவை நாங்கள் முன்பே கவனித்திருந்தால் பாதி தடுத்திருக்கலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணுக்கு அப்படிப் பொருள் இல்லை. அது மக்கள்தொகை முழுவதற்குமான கணக்கு. கல்வியின்மை, காற்று மாசு போன்று தனிமனிதர் கையில் இல்லாதவையும் அதில் அடக்கம். உங்கள் தாயாரின் நோயில் யாருடைய குற்றம் எத்தனை விழுக்காடு என்று பிரித்துத் தர அதனால் ஆகாது. உங்களுக்கு அது பயன்படும் விதம் வேறு: 46 வயது என்பது இரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, சர்க்கரை, செவித்திறன், உடலுழைப்பு, மனச்சோர்வு ஆகியவற்றைக் கவனிக்கச் சரியான வயது. கடைசியாக எப்போது இரத்த அழுத்தம் பார்த்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. காதில் மாட்டும் ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே பாடங்களைக் கேட்பதாக மட்டும் எழுதியிருக்கிறீர்கள். செவியைப் பரிசோதித்துவிடுங்கள்.

மூளைப் பயிற்சி விளையாட்டுக்குச் சந்தா தேவையில்லை. விளையாடினால் அந்த விளையாட்டில் தேர்ச்சி கூடும். அது மறதி நோயைத் தடுக்கும் என்று சொல்லிவிற்ற ஒரு நிறுவனம், 2016-இல் அமெரிக்க வணிக ஆணையத்திடம் 20 இலட்சம் டாலர் கட்டித்தான் வழக்கை முடித்துக்கொண்டது. நினைவாற்றலுக்கு என்று தாயாருக்கு வாங்கிவைத்திருக்கும், ஜின்கோ என்ற மரத்தின் இலைச் சாற்று மாத்திரையையும் நிறுத்துங்கள். 3,000-க்கும் மேற்பட்ட முதியவர்களிடம் நடத்தி 2008-இல் வெளியான ஆய்வில் அது மறதி நோயைத் தடுக்கவில்லை. ஆஸ்பிரினோடு சேர்ந்தால் இரத்தக் கசிவு அபாயம் கூடலாம். அந்த மாத்திரையை விளம்பரப்படுத்திய காணொளி, மருத்துவர் உடையில் ஒருவர் பேசிய பாடமாகத் தோன்றியது என்று எழுதியிருக்கிறீர்கள். பாடத்தின் முடிவில் ஏதேனும் விற்கப்பட்டால், அது பாடம் இல்லை.

மூன்றாவது படிப்பு

இறுதிக் காலப் பராமரிப்பு பற்றிய அந்த மூன்றாவது படிப்பில் இந்த மாதம் சேர வேண்டாம். தாயார் இறுதிக் கட்டத்தில் இருக்கிறார் என்று கொண்டு செய்த தேர்வு அது. முதலில் இரத்த, சிறுநீர்ப் பரிசோதனை முடிவுகள் வரட்டும். ஐசப்போர்ட்டின் ஐந்து பகுதிகளில், பராமரிப்பவர் தம்மைத் தாமே பார்த்துக்கொள்வதற்கான பகுதியை "இப்போது எனக்கு அவசியமில்லை" என்று தாண்டிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் மூன்றே பாடங்கள்தான். அண்ணன் வந்து தங்கும் நாட்களில் நீங்கள் அவற்றைப் படியுங்கள். மறதி நோய் என்றால் என்ன என்று விளக்கும் முதல் பகுதியை அவர் படிக்கட்டும்.

மருத்துவரிடம் போகும்போது, வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், அந்தச் சளி மாத்திரையையும் ஜின்கோவையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மாற்றம் தொடங்கிய நாள், மாத்திரை தொடங்கிய நாள் இரண்டையும் ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.